மேட்டுக்கொட்டாய் வீட்டு அளவு ரவிக்கை

மேட்டுக்கொட்டாய் என்ற தோட்டத்து வீட்டுச் சென்னம்மாள் எட்டு மணங்கு எடை இருந்தவரை அவளைப் பற்றி ஊரில் ஒரு புகாரும் கிடையாது. கிருஷ்ணகிரி புளி மண்டித் தராசுக்கு ஒரு மணங்கு இருபத்தைந்து ராத்தல். வேண்டியவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அந்த எடையோடு அவள் பழையபேட்டைத் தெருவில் நடந்து வந்தால் எதிரே வரும் வண்டிக்காரன் மாட்டை ஓரங்கட்டுவான். பயத்தில் அல்ல, மரியாதையில். அவள் புருஷன் நாராயணப்பனுக்கு மாந்தோப்பு எத்தனை ஏக்கர், கிணற்றில் எத்தனை ஆள் தண்ணீர் என்று யாரும் பத்திரத்தைக் கேட்டதில்லை. அவன் சம்சாரத்தைப் பார்த்தாலே விவரம் தெரிந்துவிடும்.

இந்த உடம்பு அவள் கேட்டு வாங்கியதல்ல. ஊத்தங்கரைப் பக்கம், மழையை நம்பி விதைத்துவிட்டு வானத்தைத் திட்டும் ஒரு கிராமத்திலிருந்து பதினாறு வயதில் வாக்கப்பட்டு வந்தபோது அவள் துவரை மிளார் மாதிரி இருந்தாள். மாமியாருக்கு அது அவமானமாகப் போயிற்று. ஊரே களி கிண்டித் தின்னும் சீமையில் மருமகளுக்கு மட்டும் மூன்று வேளையும் நெல்லுச்சோறு போட்டாள். அதைப் பாசம் என்று எழுத எனக்குத் துணிவில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது உள்ளே இருக்கிறவர்களுக்காகவா? தெருவில் போகிறவன் பார்க்க வேண்டும் என்றுதான். மாமியார் கண்ணை மூடுவதற்குள் சுவர் நன்றாகவே எழும்பிவிட்டது. இடையில் ராஜாத்தி என்று ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, ஊத்தங்கரைக்கே வாக்கப்பட்டும் போய்விட்டாள்.

சென்னம்மாளுக்கு முப்பத்தெட்டு வயது நடக்கும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடுவில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. கால் பெருவிரலில் பட்ட காயம் இரண்டு மாதமாக ஆறவில்லை. அந்த நாளில் அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் "நல்லா இருக்கிறியே தாயி" என்றார்கள். அவள் உண்மையில் செத்துக்கொண்டிருந்த ஒரே காலம் அதுதான். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

1953 தை மாதத்தில் பெங்களூருக்கு பஸ் ஏறிப் போய் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினாள். டாக்டரம்மா நீரைச் சோதித்துவிட்டு, அதில் சர்க்கரை இறங்குகிறது, நீரிழிவு என்றாள். சோறு கூடாது, சர்க்கரை கூடாது, கெட்டிப் பால் கூடாது, மாம்பழம் கூடவே கூடாது, தினம் மூன்று மைல் நடக்க வேண்டும், பாதி உடம்பை இங்கேயே எங்காவது தொலைத்துவிட்டுப் போனால் பேரன் பேத்தியைப் பார்க்கலாம் என்றாள். மாந்தோப்புக்காரன் பெண்டாட்டியிடம் மாம்பழத்தைத் தொடாதே என்றது சென்னம்மாளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஓசூர் தாண்டும்வரை டாக்டரம்மாவின் மேல் கோபம். சூளகிரி வருவதற்குள் கோபம் சோற்றின் மேல் திரும்பிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கேழ்வரகு மாவுப் பானையைத் திறந்தாள்.

கோபம் சென்னம்மாளுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். மற்றவர்கள் பத்தியம் இருப்பது பயத்தால். அவள் இருந்தது கோபத்தால், அதனால் நின்றது. ஒரு கை அளவு களி, ஒரு குண்டான் கீரை, தண்ணியாகக் கடைந்த மோர். விடிந்ததும் ஏரிக்கரை மேல் ஒரு நடை, வெயில் தாழ இன்னொரு நடை. சித்திரையில் தோப்பு முழுக்கப் பழம் கமகமத்தது. பழுத்த பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்க்காமல் கூடையில் போட்டாள். போட்ட வேகத்தில் கூடையில் இருந்த மற்ற பழங்கள் நசுங்கின.

மாதம் ஒரு தடவை மண்டிக்குப் போய்ப் பெரிய தராசில் ஏறி நிற்பாள். தராசுக்காரன் திம்மப்பன் நல்லவன். ஆனால் இருபது வருஷமாக எடையைக் கூவிக் கூவிப் பழகிய தொண்டை. மனதுக்குள் சொல்லிக்கொள்ள அவனுக்குத் தெரியாது. "ஏழரை" என்று பங்குனியில் கூவினான். "ஏழு" என்று வைகாசியில். ஆடியில் "ஆறேகால்" என்று கூவியபோது மண்டியில் பேரம் பேசிக்கொண்டிருந்த கைகள் துண்டுக்கடியிலேயே நின்றன. ஆவணியில் "அஞ்சரை" என்றான். கால் காயம் ஆறிப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அதைக் கூவ ஆள் இல்லை.

இந்த இடத்தில்தான் ரவிக்கை விவகாரம் வருகிறது.

சேலை ஒரு மானம் கெட்ட துணி. எட்டு மணங்குக்கும் சுற்றும், ஐந்தரைக்கும் சுற்றும், நாளைக்கு அண்டை வீட்டுக்காரிக்கும் சுற்றும். ரவிக்கை அப்படியல்ல, அதற்கு ஞாபகசக்தி உண்டு. சென்னம்மாளிடம் இருந்த ஒன்பது ரவிக்கைகளும் பழைய சென்னம்மாளையே நினைத்துக்கொண்டு தொங்கின. தோள் முழங்கைக்கு வந்தது. கைக்குள் இன்னொரு கை போகும். ஊக்குப் போட்டுச் சுருக்கினாள், பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். உடம்பு இளைத்தது ஊருக்கு உறைக்கவில்லை. தொளதொளத்த ரவிக்கைதான் உறைத்தது. எலும்புருக்கி நோய் என்று முதலில் சொன்னது யார் என்று தெரியாது. இரண்டாவதாகச் சொன்னவர்களின் கணக்கு சுற்றியிருந்த கொட்டாய் மொத்தமும்.

பழையபேட்டையில் வெங்கடப்பன் ஜவுளிக்கடையில் பூப்போட்ட சீட்டித் துணி எடுத்துக்கொண்டு தையல்காரர் குலாம் முகம்மதுவிடம் போனாள்.

"அளவு ரவிக்கை எங்கம்மா?" என்றார் அவர்.

அதுதான் அங்கே நடைமுறை. எந்தத் தையல்காரனும் பெண்பிள்ளை மேல் நாடா வைத்து அளப்பதில்லை. பொருத்தமான பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டால் அதைப் பார்த்து வெட்டுவான். தலைமுறையாக நல்ல ஏற்பாடு. ஆனால் மாதத்துக்கு ஒரு சுற்று இளைக்கிறவளுக்குப் பொருத்தமான பழைய ரவிக்கை எங்கிருந்து வரும்?

"பழசு எதுவும் சேராது பாய். அளந்து வெட்டு."

"தோபா தோபா. நான் அளக்கறதா? பழசைக் குடுங்க, ரெண்டு விரக்கடை கொறச்சு வெட்டறேன்."

கொடுத்தாள். ஒரு வாரம் என்றார்; மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் "பொத்தான்தான் பாக்கி" என்றார். அந்த மூன்று வாரமும் சென்னம்மாள் ஏரிக்கரையில் நடக்காமல் இருப்பாளா? ரவிக்கை வந்தபோது அது ஆடி மாதத்துச் சென்னம்மாளுக்குச் சரியாக இருந்தது. அந்தச் சென்னம்மாள் போய்விட்டிருந்தாள்.

இரண்டாம் தடவை அவர் மனைவி ரோஷன் பீயை உள்ளேயிருந்து கூப்பிட்டார். ரோஷன் பீ திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ச் சாண் போட்டு அளந்தாள். நல்ல மனசுக்காரி. அந்த நல்ல மனசுதான் கெடுத்தது. துணி தைத்து வந்தபோது பக்கத்துக்கு நாலு விரல் தொய்ந்தது.

"நோவுல எளச்ச ஒடம்புதானே அக்கா. நாளைக்குத் தேறிடுவீங்க, அப்ப பத்தாம போயிடக் கூடாதுன்னுதான் எடம் வுட்டேன்."

"தேறித்தான் இப்படி இருக்கிறேன்" என்றாள் சென்னம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அல்லா நல்லா வெப்பான்" என்றாள் ரோஷன் பீ, கண் கலங்க.

அனுதாபத்தை என்ன செய்வது? திட்டினால் திருப்பித் திட்டுகிறவளைச் சமாளிக்கலாம். கண் கலங்குகிறவளை ஒன்றும் செய்ய முடியாது.

சரி, தன் அளவில் இருக்கிற வேறொருத்தியின் ரவிக்கையை இரவல் வாங்கி அளவுக்குக் கொடுக்கலாம் என்று பக்கத்துக் கொட்டாய் நாராயணம்மாவிடம் போனாள். இரண்டு பேரும் இப்போது ஒரே வாகு.

"ஒரு ரவிக்க குடு நாராயணம்மா. எட்டு நாள்ல கொண்டாந்து தரேன்."

நாராயணம்மா வாசற்படியை விட்டு இறங்காமலே சொன்னாள். "எல்லாம் தொவைக்கப் போட்டுட்டனே."

"எல்லாமா?"

"எல்லாம்தான்."

"அப்ப நீ போட்டிருக்கறது?"

"இதையும் இப்பத் தொவைக்கணும்" என்று சொல்லிவிட்டு நாராயணம்மா புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். ஒட்டிக்கொள்ளுமாம். சென்னம்மாள் திரும்பி வரும்போது வழியில் கிடந்த கள்ளிச்செடி ஒன்று காரணமில்லாமல் மிதிபட்டது. அடுத்துப் போய்க் கேட்ட இரண்டு வீடுகளிலும் அன்றைக்குத் துணி துவைக்கும் நாளாகவே இருந்தது.

இவ்வளவுக்கும் நாராயணப்பன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்பீர்கள். நாராயணப்பன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் முயற்சி வேண்டும். அவன் சாப்பிட்டான், தோப்புக்குப் போனான், வந்தான், மறுபடி சாப்பிட்டான். அவனுக்காக யோசிப்பது அவன் அக்கா செல்வம்மாள். மூன்று கொட்டாய் தள்ளி இருந்தவள் இப்போது நாளுக்கு இரண்டு தடவை வந்தாள். வரும்போது ஒரு முட்டையோ ஒரு செம்புப் பாலோ கொண்டு வருவாள். சென்னம்மாள் தொட மாட்டாள், தம்பி சாப்பிடுவான். சாப்பிடும் தம்பியைப் பார்த்துக்கொண்டே செல்வம்மாள் நெல் குதிர்களையும் பித்தளை அண்டாக்களையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள்.

"எதுக்கோசரம் அண்ணி அண்டாவையே பாக்கறீங்க?"

"ஒன்னுமில்ல சென்னம்மா. யாரு வந்து வெளக்குவாங்கன்னு நெனச்சேன்."

"நான் இருக்கறனே."

"இரு இரு. நல்லா இரு" என்றாள் செல்வம்மாள். சொன்ன தொனி, பஸ் புறப்பட்ட பிறகு ஜன்னல் வழியாகச் சொல்கிற தொனி.

புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் மூன்றாவது முயற்சி. இந்தத் தடவை நீலக் கட்டம் போட்ட துணி. ரோஷன் பீயிடம் விரலை ஆட்டிச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்: "எடம் வுட்டா அந்த எடத்துல உன்னத்தான் வெச்சுத் தெப்பேன்." ஒரு செவ்வாய்க்கிழமை வாங்கப் போனாள். குலாம் முகம்மது தொழுகைக்குப் போயிருந்தார். ரோஷன் பீ மூட்டையைப் பிரித்தாள். துணிகளின் மேல் வீட்டுப் பெயர் எழுதிய காகிதச் சீட்டைக் குத்தி வைப்பது வழக்கம்.

"மேட்டுக்கொட்டாய். உங்க வூட்டுது ரெண்டும் தயார் அக்கா."

"ரெண்டா?"

நீலக் கட்டத்தை முதலில் போட்டுப் பார்த்தாள். தொய்ந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் ரோஷன் பீ இரண்டாவதை நீட்டிவிட்டாள். அரக்குச் சிவப்புப் பட்டு. கையோரம் ஜரிகை. சென்னம்மாள் அப்படி ஒரு துணி எடுக்கவே இல்லை.

"இது யாருது?"

"உங்க வூட்டுதுதான். சீட்டு இருக்குதே, பாருங்க."

திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தாள். தோள் தோளில் உட்கார்ந்தது. முதுகு முதுகோடு ஒட்டியது. பொத்தான் ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தானே தேடிப் போய் மாட்டிக்கொண்டது. கைதான் ஒரு நூல் இறுக்கம். மற்றபடி கண்ணாடியில் நின்றவள் நோயாளி இல்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக, இளைத்தவள் ஒருத்தி அங்கே நிற்கவில்லை. அளவான ஒருத்தி நின்றாள்.

அப்போது அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. அந்த எண்ணத்துக்காகப் பின்னால் அவள் தன்னையே நிறையத் திட்டிக்கொண்டாள். இந்த மனுஷன், சோற்றைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காத இந்த மனுஷன், ஒருநாள் தன்னைக் கண் வைத்துப் பார்த்திருக்கிறான், கண்ணளவிலேயே உடம்பளவு தெரிந்து வைத்திருக்கிறான், யாருக்கும் சொல்லாமல் பட்டெடுத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறான். கொஞ்ச நேரம், ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம், சென்னம்மாளுக்குக் கோபமே இல்லை. கண்ணாடியில் நின்றவள் சிரித்தாள்.

"எங்க வூட்டுக்காரரு வந்து குடுத்தாரா?" என்றாள் திரைக்குள்ளிருந்து.

"இல்லக்கா. உங்க நாத்தனாரம்மா. அவங்கதான் அளவு ரவிக்கையும் குடுத்தாங்க. எப்பிடியோ உங்களுக்குச் சேர்றது ஒன்ன புடிச்சுட்டாங்கன்னு சந்தோசப்பட்டேன். இந்தாங்க, அதையும் வாங்கிக்குங்க."

திரை இடுக்கில் ரோஷன் பீயின் கை மெல்லிய வாயில் துணியில் தைத்த ஒரு பழைய ரவிக்கையை நீட்டியது. கஞ்சி வாசனை, பூ வாசனை. இருபது இருபத்திரண்டு வயதுக்காரி போடுகிற பஃப் கை. கழுத்தோரம் பச்சை நூலில் 'வெ' என்று ஓர் எழுத்து. மேட்டுக்கொட்டாயில் இந்த எழுத்தில் பெயர் உள்ளவர் எவரும் இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டிப்பா வேணும்னு சொன்னாங்க. பூ வெக்கற பொடவைக்கு ரவிக்கையாம். அன்னிக்கே வெங்கடப்பன் கடையில ஜவுளி எடுக்கறாங்களாமே. யாருக்கு அக்கா கல்யாணம்?"

பூ வைக்கும் புடவை மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுப்பது. மேட்டுக்கொட்டாயில் மாப்பிள்ளை ஆகும் வயதில் யாரும் இல்லை. தோப்பு இருக்கிறது, ஆண் வாரிசு இல்லை, நாராயணப்பன் இருக்கிறான். சென்னம்மாள் கண்ணாடியைப் பார்த்தாள். அரக்குச் சிவப்பில் நின்றவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. பெண்டாட்டி இருக்க இன்னொருத்தியைக் கட்டக் கூடாது என்று சென்னை ராஜ்யத்தில் நாலு வருஷத்துக்கு முன்பே சட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் மைசூர் ராஜ்யம். சென்னைச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் கண் தெரியாது என்று ஓசூரில் மனு எழுதுகிற ஒருவன் செல்வம்மாளுக்குச் சொல்லியிருந்தான். மதுவிலக்கு வந்த நாளிலிருந்து தாகத்துக்கு எல்லை தாண்டிப் பழகிய சீமை இது. தாலிக்கும் தாண்டினால் என்ன என்று நினைத்துவிட்டார்கள். கோயில்கூடப் பார்த்தாயிற்றாம். இதெல்லாம் சென்னம்மாளுக்குப் பிற்பாடு தெரிந்த விவரங்கள். திரைக்குப் பின்னால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தான் இருக்கும்போதே தன் இடத்துக்கு அளவெடுத்துவிட்டார்கள்.

சிவப்பு ரவிக்கையை அவள் கழற்றவில்லை. மேலே நீலக் கட்டத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நீலம் அதற்கு உதவியது; இடம் தாராளமாக இருந்தது.

"ரோஷனு, என் நாத்தனார் வந்து கேட்டா இன்னும் தெச்சு முடியலன்னு சொல்லு. வெள்ளிக்கிழம நேரா ஜவுளிக் கடைக்கே கொண்டாந்து குடுத்துடறோம்னு சொல்லு."

"பொய் சொல்லவா அக்கா?"

"உங்க வூட்டுக்காரரு சொல்லாத பொய்யா? பொத்தான் பாக்கின்னு சொல்லு. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

ரோஷன் பீ அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பழைய ரவிக்கையின் 'வெ'யைப் பார்த்தாள். கண் கலங்கவில்லை இந்தத் தடவை. "நாலு பொத்தான் பாக்கின்னு சொல்றேன்" என்றாள்.

புதனும் வியாழனும் சென்னம்மாள் அடுப்படியிலேயே இருந்தாள். களியைக் கிண்டினாள். வழக்கத்தைவிட ஓங்கிக் கிண்டினாள். நாராயணப்பன் இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்து, துடுப்பு பானையில் இடிக்கிற சத்தத்தைக் கேட்டு, வாயில் சோற்றைப் போட்டுக்கொண்டான். வெள்ளிக்கிழமை காலையில் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"மண்டி வரைக்கும் போய்ட்டு வரேன்."

"வெளுத்த வேட்டியில புளி ஒட்டிக்கும். பாத்துப் போய்ட்டு வாங்க."

செல்வம்மாளும் அவனும் வில்வண்டியில் போனார்கள். வண்டிப்பாதை சுற்றிக்கொண்டு ஆறு மைல். ஏரிக்கரை வழியாக நடந்தால் நாலு. சென்னம்மாள் தன் கல்யாணத்துச் சேலையை எடுத்துக் கட்டினாள், சிவப்பு ரவிக்கையைப் போட்டாள், குங்குமத்தை எட்டணா அகலம் வைத்தாள், அளவு ரவிக்கையைக் கையில் சுருட்டிக்கொண்டு கரையேறினாள். எட்டு மாதமாக நடந்த கரை. போன வருஷம் இதே கரையில் நாலு அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சுப் பிடித்திருக்கிறாள். இன்றைக்கு மூச்சு ஒழுங்காக வந்தது, கோபத்துக்கு வேண்டிய அளவு மிச்சமும் இருந்தது. வழியில் ஆடு மேய்க்கிறவன் ஒருவன் "எங்கம்மா இவ்ளோ வேகமா?" என்றான். "கல்யாண ஜவுளி எடுக்க" என்றாள் நிற்காமல்.

வெங்கடப்பன் கடையில் மெத்தை விரித்து வெள்ளைத் துப்பட்டி போட்டிருந்தது. பெண்ணின் தகப்பன் மாதப்பன், தொரப்பள்ளிக்கு அந்தப் பக்கத்துக் குடியானவன், கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பெண் வெள்ளையம்மா, வெறும் கைத்தறி ரவிக்கையில். எதிரே செல்வம்மாள் தையல்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை இன்னும் வரவில்லை, பொத்தானாம், அந்த மனுஷன் உருப்படுவானா. நாராயணப்பன் ஒரு தூணுக்குப் பக்கத்தில், தூணைவிடக் குறைவாக அசைந்துகொண்டு நின்றான்.

வெங்கடப்பன் தெலுங்குக்காரர். ஊர் விஷயம் எதிலும் காது கொடுக்காத வியாபாரி. வியாபாரத்துக்கு அது நல்லது. "கூர்ச்சோண்டி, எல்லாரும் கூர்ச்சோண்டி" என்று உட்காரச் சொல்லிவிட்டு, முதல் கட்டுப் பட்டுச் சேலையை மெத்தையில் வைத்து, மஞ்சள் தட்டை நீட்டினார்.

"மாப்பிள்ளை வூட்டு சுமங்கலி யாரும்மா? முதல் பொடவையைத் தொட்டு எடுங்க."

செல்வம்மாள் கையை நீட்டினாள்.

"அந்த வூட்டு சுமங்கலி நான்" என்றது வாசல்.

திரும்பிப் பார்த்தார்கள். ரவிக்கை வந்திருந்தது.

சென்னம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் வந்து உட்கார்ந்தாள். பழைய நாளில் அவள் உட்கார்ந்தால் மெத்தை அந்தப் பக்கம் சாயும். இன்றைக்கு மெத்தை சும்மா இருந்தது, மனிதர்கள்தான் சாய்ந்தார்கள். மஞ்சளைத் தொட்டு முதல் சேலைமேல் வைத்தாள்.

"ஏம்மே, நீ... நீ எப்படி வந்தே?" என்றான் நாராயணப்பன்.

"நடந்து."

மாதப்பன் எழுந்துவிட்டான். "இந்தம்மா யாருங்க?"

பதில் சொன்னவர் வெங்கடப்பன்தான், தொழில் மரியாதையோடு. "தெரியாதா உங்களுக்கு? நாராயணப்பன் சம்சாரம். இருபது வருசமா நம்ம கடைக்குத்தான் வர்றாங்க."

மாதப்பன் செல்வம்மாளைப் பார்த்தான். அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் கேட்க இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. "படுத்த படுக்கைன்னு சொன்னீங்களே அம்மா. வாயில பால் ஊத்தற நெலமைன்னு சொன்னீங்களே."

"பாலை டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்றாள் சென்னம்மாள்.

செல்வம்மாளுக்குப் பேச்சு வந்தது. தோல்வி தெரிந்தால் வருகிற பேச்சு. "நல்லதுக்குத்தான் பண்ணோம் சென்னம்மா. உன்னால ஆவல, ஒரு தொணைக்கு... முதல்ல அந்த ரவிக்கையக் கழட்டு. அது பொண்ணுக்குத் தெச்சது."

"கழட்டறேன். இங்கியேவா?"

வெங்கடப்பன் அவசரமாகச் சேலைக் கட்டுகளை எண்ணத் தொடங்கினார்.

"என்னால என்ன அண்ணி ஆவல?" சென்னம்மாள் மெத்தையில் கையை ஊன்றினாள். "எட்டு மணங்கு இருந்தப்ப கெணத்தடிக்குப் போவ முடியாம சாவக் கெடந்தேன். கால் அழுவிச்சு. அப்ப ஒருத்தரும் பொண்ணு பாக்கப் போவல. நல்லா இருக்கிறியேன்னு சொல்லிட்டுச் சோத்தை அள்ளி வெச்சீங்க. இப்ப பொழச்சு எழுந்து நடக்கறேன், இப்பத்தான் உங்களுக்குப் பாடை கட்டத் தோணுது. எளச்சா செத்தவளா? எந்த ஊர் கணக்கு இது? வூட்டுக்குப் பெருமை காட்டறதுக்குத் தின்னேன் இருவது வருசம். எனக்கோசரம் எட்டு மாசம் தின்னாம இருந்தேன், பொறுக்கலியா?"

"அக்காதான்..." என்று ஆரம்பித்தான் நாராயணப்பன்.

"அக்காளா தாலி கட்டப் போறா?"

அவன் தூணின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தெனம் ரெண்டு வேள என் எதிரே உக்காந்து சாப்பிடறீங்க. எளச்சிருக்கியே, என்னா சேதின்னு ஒரு தரம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இந்த ரவிக்க சேந்தப்ப நீங்கதான் தெச்சுக் குடுத்தீங்கன்னு நெனச்சேன்." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் ஓரிடத்தில் தட்டியது. தட்டியதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. "அத்திப்பள்ளி என்னா, பெங்களூர் தாண்டிப் போய்க் கட்டிக்கிட்டு வாங்க. வந்து எந்த வூட்டுக்குள்ள நொழையறீங்கன்னு பாக்கறேன். கரை மேலதான் தெனம் நடக்கறேன். யாரு வந்தாலும் தெரியும்."

வெங்கடப்பன் இதற்குள் மஞ்சள் தட்டை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டார். மாதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான். நாராயணப்பனைச் சுற்றிக்கொண்டு வந்தான். சென்னம்மாளைப் பார்த்து மட்டும் கை கூப்பினான். "தெரியாம வந்துட்டோம் தாயி."

"தெரியும். உங்க பொருள் ஒன்னு எங்கிட்ட இருக்குது, வாங்கிக்கிட்டுப் போங்க" என்று சுருட்டி வைத்திருந்த பழைய ரவிக்கையை மெத்தைமேல் வைத்தாள். அவனுக்கு அதை எடுக்கக் கூச்சமாக இருந்தது. செருப்பைத் தேடிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். செல்வம்மாள் வண்டி எங்கே என்று பார்க்கப் போனாள். வண்டி நிறுத்திய இடத்திலேயேதான் நின்றது.

"வெங்கடப்பண்ணா, அந்தப் பச்சைக் கட்டம் போட்டத எறக்குங்க. ரவிக்கைத் துணிக்கு" என்றாள் சென்னம்மாள். வந்தது வந்தாயிற்று. நாராயணப்பன் நின்றுகொண்டே இருந்தான். அவனை உட்காரச் சொல்ல அந்தக் கடையில் ஆள் இல்லை.

தன் ரவிக்கையை எடுத்துக்கொள்ள வெள்ளையம்மா திரும்பி வந்தாள். எடுத்தாள், போகவில்லை. இவ்வளவு நேரமும் வாயைத் திறக்காத பெண். சென்னம்மாளின் தோளையும், முதுகையும், ஜரிகை பிடித்த கையையும் ஒரு தரம் பார்த்தாள். தன் உடம்பை இன்னொருத்தி மேல் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அக்கா, கை இறுக்கமா இருக்குதா?"

"கொஞ்சம் இறுக்கந்தான்" என்றாள் சென்னம்மாள். "அடுத்த மாசத்துக்குள்ள சரியாப் போயிடும்."